பேட்டரி பற்றி ஊருக்கும் சொல்லுங்கள்: சிக்ரி விஞ்ஞானிகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவன (சிக்ரி) விஞ்ஞானிகளுக்கு வணக்கம்.

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த நிறுவனம் உங்களுடையது. லித்தியம் அயனி பேட்டரியை ஆராய்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறீர்கள். ஆனாலும் செல்போனில் சார்ஜ் நிற்கவில்லை என்றால் நாங்கள் கடைக்காரரிடம்தான் ஓடுகிறோம். அவரும் புதுப் போன் வாங்கச் சொல்லிவிடுகிறார்.

எங்கள் அப்பத்தா பள்ளத்தூரில் இருக்கிறார். அவருடைய ஆண்ட்ராய்டு போன் காலையில் முழு சார்ஜில் இருந்தாலும் மதியச் சாப்பாட்டுக்குள் அணைந்துவிடும். ‘ஆண்ட்ராய்டே அப்படித்தான், ஐபோனுக்கு மாறுங்கள்’ என்றார்கள் கடையில். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா உடனே ஒன்று வாங்கி அனுப்பிவிட்டார்.

அப்புறம்தான் பாடு. பேரப்பிள்ளைகள் மழலையில் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் எல்லாம் பழைய போனில். கூகுள் டிரைவில் இருக்கும் வாட்ஸ்அப் பேக்கப் ஐபோனில் இறங்காது. ‘மூவ் டூ ஐஓஎஸ்’ செயலி வழியாகக் கொண்டுபோகலாம், ஆனால் ஐபோனை முதன்முதலில் தயார்செய்யும்போதே செய்ய வேண்டும். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. புதுப் போனை முழுக்க அழித்துவிட்டு மறுபடி தொடங்கினோம். பதிவுகள் வந்துசேர்ந்தன. பின்னால் போகும் பட்டனைத்தான் அப்பத்தாவின் விரல் இன்னும் திரையின் அடியில் தேடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் வளவில், அதாவது அப்பத்தா வீட்டின் உள்முற்றப் பகுதியில், வைத்தால் ஐபோனும் சூடாகிறது, அதிலும் சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது. சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த சுவர்கள். முகப்பில் நிறைந்திருக்கும் சிக்னல் வளவுக்கு வந்தால் ஒற்றைக் கோடு, அதற்கும் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டுப் பகுதியில் அதுவும் இல்லை. டவரை எட்டிப் பிடிக்க போன் கூடுதல் சக்தியைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. முகப்பு மாடத்தில் வைத்துப் பார்த்தோம், சாயங்காலம் வரை தாங்கியது. பழைய போனுக்கும் இதைச் செய்து, தேய்ந்த பேட்டரியை மாற்றியிருந்தால் போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது. எந்த நிறுவனத்தின் போனாக இருந்தாலும் உள்ளே இருப்பது அதே லித்தியம் அயனிதானே?

பேட்டரி தேயும் கணக்கும் கடையில் பேச்சில் வருவதில்லை. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, 500 முழுச் சுற்று சார்ஜுக்குப் (நூறு சதவீத அளவு செலவானால் ஒரு சுற்று) பிறகு 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது, 15 வரிசையில் அது 1000 சுற்று என்று ஆப்பிளே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் புது மாடல்களுக்குக் குறைந்தது 800 சுற்று என்று விதியே போட்டுவிட்டது. நம் கடைகளில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாதம் ஒரு சாயங்காலம் பொதுமக்களை உள்ளே விடுங்கள். எங்கள் பக்கத்து வெயிலில், வண்டியின் முன்னால் மாட்டிய போனின் பேட்டரிக்கு என்ன ஆகிறது? இரவெல்லாம் சார்ஜில் போடலாமா? 80 சதவீதத்தில் நிறுத்தினால் எவ்வளவு நாள் கூட உழைக்கும்? தமிழில், எங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமாக, ஊரில் மாற்றித் தரும் பேட்டரிகளைச் சோதித்துப் பாருங்கள். மேலே கொள்ளளவு 5000 எம்ஏஎச் என்று ஸ்டிக்கர் இருக்கிறது. உள்ளே எவ்வளவு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் ஆய்வகத்தில் அளந்து சொல்லிவிடலாம். நல்ல பேட்டரி போடும் கடைக்காரருக்கும் அது நியாயம் செய்யும். உப்பிப்போய்ப் பின்மூடியைத் தூக்கும் பேட்டரியைப் பலர் பயமில்லாமல் மேசை டிராயரில் போட்டுவைக்கிறார்கள். அதை எங்கே, எப்படிக் கொடுப்பது என்பதையும் சொல்லுங்கள்.

தேதியைப் பஸ் நிலையத்திலும் கிராமங்களிலும் ஒட்டுங்கள். அப்பத்தாவையும் இரண்டு போன்களையும் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
காரைக்குடிவாசி ஒருவர்