காதல் நாடகத்தில் கூலிக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கொரியத் தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கடனாளிகள் பரிசுப் பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்து விளையாடும் ‘ஸ்க்விட் கேம்’ தொடருக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கிக் கடன், வறுமை, வர்க்கம் என்று அலசிய கட்டுரையாளர், காதல் நகைச்சுவைத் தொடர்களை ஒரே பத்தியில் முடித்துக்கொண்டார். பணக்கார வாரிசு, ஏழைப் பெண், மழை, ஒரே குடை, அவ்வளவுதானாம். எல்லாம் வெறும் பஞ்சுமிட்டாயாம். வாரிசும் குடையும் ஏராளமான தொடர்களில் உண்டு, மறுக்கவில்லை. புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து ஒளிபரப்பிய நாட்களில் நானும் அவற்றைத்தான் வாய் பிளந்து பார்த்தேன். ஆனால் ‘ஹோம்டவுன் சா-சா-சா’ என்ற காதல் தொடரின் பெயரையும் அந்தப் பத்தியிலேயே சேர்த்துத் தள்ளிவிட்டாரே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கணக்கு எழுதிப் பிழைத்தவள் நான். எந்தக் கதையைப் பார்த்தாலும் இவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பெரும்பாலான காதல் கதைகள் இதற்கு வாயே திறப்பதில்லை. நாயகன் கோட்டு மாட்டிக்கொண்டு அலுவலகம் போவான். அங்கே என்ன செய்கிறான் என்பது கடைசிவரை தெரியாது. இந்தத் தொடரோ முதல் பகுதியிலேயே கணக்கைத் திறந்துவைக்கிறது. சியோலில் பல் மருத்துவராக இருக்கும் யூன் ஹே-ஜின், தேவையில்லாத சிகிச்சையை நோயாளிகள் தலையில் கட்டும் முதலாளியோடு மோதி வேலையை விடுகிறாள். குடித்த வேகத்தில் அவரைப் பற்றி இணையத்தில் எழுதியும் வைக்கிறாள். அதன் பிறகு தலைநகரில் வேறு வேலை கிடைக்கவில்லை. கோங்ஜின் என்ற கடலோர ஊருக்கு அவள் வந்து சேர்வதற்குப் பின்னால் இருப்பது விதியல்ல, வேலையின்மை.

வந்த அன்றே காபி குடித்துவிட்டுப் பணம் தர முடியாமல் நிற்கிறாள். தொலைத்தொடர்பு அறுந்து கார்டும் ஓடவில்லை, ஏடிஎம்மும் வேலை செய்யவில்லை. அப்போது நாயகன் ஹோங் து-ஷிக் என்ன செய்கிறான்? பையில் இருந்து பணத்தை எடுத்து நீட்டவில்லை. கணவாய் மீன் சுத்தம் செய்யும் இடத்துக்கு அழைத்துப்போய், ஊர்ப் பாட்டிகளோடு உட்காரவைத்து, குடல் எடுக்கச் சொல்கிறான். மணிக்கணக்கில் கூலி. விலை உயர்ந்த காலணி மேல் உயிரையே வைத்திருக்கும் மருத்துவர், காபிக் காசுக்காகக் கணவாய் நாற்றத்தில் கை நனைக்கிறாள். காதலர்கள் சந்தித்த முதல் நாளை இப்படி எழுத ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும்.

அந்த து-ஷிக் பற்றியும் சொல்ல வேண்டும். மீன் இறக்குவது முதல் குழாய் பழுது பார்ப்பது வரை ஊரில் எந்த வேலைக்கும் அவன்தான். வேலை எதுவானாலும் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலிதான் வாங்குவான். 2021இல் தென் கொரியாவில் அது மணிக்கு 8,720 வோன் (அந்நாட்டு நாணயம்). அந்நாட்டில் ஆண்டுதோறும் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் தரப்பும் மேசையின் இருபுறம் உட்கார்ந்து முட்டிக்கொள்ளும் எண் இது. மணிக்கு 10,000 வோனைத் தாண்ட 2025 வரை ஆயிற்று. ஒரு காதல் நாயகனின் குணத்தை இந்த எண்ணை வைத்து வரைந்திருக்கிறார்கள். கட்டுரையாளருக்கு இது பஞ்சுமிட்டாயாகத் தெரிந்தால் நான் என்ன செய்வேன்!

எனக்கு மிகவும் பிடித்தது, அந்த ஊர்ப் பாட்டிகளில் ஒருவரான காம்-ரியின் பல். வலியைப் பொறுத்துக்கொண்டு, மெல்ல முடியாமல் சாப்பிட்டுக்கொண்டு, பல் கட்டும் செலவு மகனுக்குப் பாரமாகிவிடும் என்று சிகிச்சையைத் தட்டிக்கழிக்கிறார் பாட்டி. ஹே-ஜினுக்குக் கோபம் வருகிறது. பெற்றவர்கள் வலியை மறைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மையா என்று கேட்கிறாள். சின்ன வயதிலேயே தாயை இழந்தவள் அவள். அந்தக் கோபத்துக்கு அங்கே வேர் இருக்கிறது. கொரியாவில் 65 வயது நிறைந்தவர்களுக்கு 2016 முதல் வாழ்நாளில் இரண்டு பற்கள் வரை இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) செலவில் பெரும்பகுதியைத் தேசிய மருத்துவக் காப்பீடு ஏற்கிறது. 2018 முதல் நோயாளி கையிலிருந்து தர வேண்டிய பங்கு 30 சதவீதம். முதலில் 75 வயது, பிறகு 70, பிறகு 65 என்று படிப்படியாக வயதைக் குறைத்து வந்த திட்டம் இது. ஆனால் அதே நாட்டில் முதியவர்களில் பத்தில் நான்கு பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. வளர்ந்த நாடுகளின் பட்டியலில் முதியோர் வறுமையில் அதற்குத்தான் முதலிடம். மூன்றாவது பல்லுக்குப் பாட்டிகள் எங்கே போவார்கள்? வாய் ஓயாமல் பேசும் ஒரு கிழவி செலவு என்றதும் வாயை மூடிக்கொள்வதன் காரணம் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

இனி, கட்டுரையாளர் கவனிக்காமல் விட்ட ஒன்று. காம்-ரி பாட்டியாக நடித்த கிம் யோங்-ஓக், 1937இல் பிறந்தவர். ‘ஸ்க்விட் கேம்’ நாயகன் கி-ஹுனின் தாயும் அவரேதான்! ‘ஹோம்டவுன் சா-சா-சா’ 2021 ஆகஸ்ட் 28 முதல் அக்டோபர் 17 வரை டிவிஎன் சேனலில் சனி, ஞாயிறுகளில் ஓடியது. ஆறாம் பகுதிக்கும் ஏழாம் பகுதிக்கும் இடைப்பட்ட வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 17 அன்று, ‘ஸ்க்விட் கேம்’ வெளியானது. ஒரே நேரத்தில் ஒரே முகம் இரண்டு ஏழைக் கிழவிகளாக நம் முன் நின்றது. அங்கே சர்க்கரை நோயில் கால் புண்ணாகி, மகன் காப்பீட்டை முறித்துக் காசாக்கிவிட்டதால் மருத்துவமனையில் தங்க வழியில்லாத தாய். இங்கே பல் கட்டத் தயங்கும் பாட்டி. இருவரும் வீட்டுத் தரையில்தான் உயிர் விடுகிறார்கள். அந்தத் தாய் தனியாகக் கிடக்கிறார். மகன் கோடிக்கணக்கில் பணத்தோடு வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. காம்-ரியோ சிநேகிதிகள் இருவருக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து, தூக்கத்திலேயே போய்விடுகிறார். அழுதது நான் இரண்டாவது சாவுக்குத்தான். முதல் சாவு சமூக விமர்சனம், இரண்டாவது வெறும் உருக்கம் என்று பிரிப்பவர்களிடம் எனக்குச் சமாதானம் இல்லை.

பணம் என்றால் நல்ல பணம் மட்டுமா? து-ஷிக் ஊருக்குத் திரும்புமுன் சியோலில் நிதி மேலாளராக இருந்தவன். அவன் வேலை பார்த்த கட்டடத்துக் காவலாளி முதலீட்டில் எல்லாவற்றையும் இழந்து தற்கொலைக்கு முயல்கிறார். அவருடைய மகன், தொலைக்காட்சி நிகழ்ச்சி எடுக்க வந்த குழுவோடு அதே ஊருக்கு வந்து நிற்கிறான். தொடர் ஓடிய 2021, பங்குச் சந்தையில் சாதாரண மக்கள் கடன் வாங்கிக் குதித்த காலம். குறைந்தபட்சக் கூலிக்கு மேல் ஒரு வோனும் வாங்க மாட்டேன் என்று து-ஷிக் பிடிவாதம் பிடிப்பது ஏன் என்பது அங்கேதான் புரிகிறது.

குறை இல்லாத தொடர் என்று நான் சொல்ல வரவில்லை. து-ஷிக்கின் தாய், தந்தை, தாத்தா, அண்ணனைப் போலப் பழகிய நண்பர் என்று நேசித்தவர்களையெல்லாம் வரிசையாகச் சாகடித்திருப்பது கொஞ்சம் அதிகம். கடைசிக்கு முந்தைய பகுதிகளில் வயலினும் கண்ணீரும் கூடிப் போய், கணக்கு எழுதிக்கொண்டிருந்த பேனா மை ஒழுகத் தொடங்கிவிடுகிறது. நாயகனும் நாயகியும் சிறு வயதிலேயே கடற்கரையில் சந்தித்திருந்தார்கள் என்ற ஒட்டுவேலை யார் கேட்டது? ஊர்க்காரர்கள் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பதையும் தொடர் மிக எளிதாக மன்னித்துவிடுகிறது. வம்பளக்கும் உணவகக்காரி மகளைப் பறிகொடுத்தவள் என்று தெரிந்ததும் நாம் உருகிவிடுகிறோம். துக்கம் இருந்தால் வம்பு நல்லதாகிவிடுமா? ஒதுங்கி வாழ விரும்பும் ஒரு பெண் அந்த ஊரில் மூன்று மாதம் தாக்குப்பிடிக்க மாட்டாள்.

அதே சமயம், இந்த ஊர்கள் எவ்வளவு வெறுமையாகி வருகின்றன என்பதையும் தொடர் மறைக்கவில்லை. புயல் மழையில் சாலை அடைபட்டு ஆம்புலன்ஸ் வர முடியாத இரவில், பலசரக்குக் கடைக்காரப் பெண்ணுக்குப் பிரசவம் பார்ப்பது பல் மருத்துவர் ஹே-ஜின்தான். சிரித்துக்கொண்டே பார்க்கலாம். ஆனால் பிரசவ வசதி குறைந்த பகுதிகள் என்றே அரசு தனிப் பட்டியல் வைத்து உதவித்தொகை தரும் நாடு அது. 2021இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.81 குழந்தை, 2023இல் அது 0.72 ஆகச் சரிந்தது.

கோங்ஜின் கற்பனை ஊர். படம் பிடித்தது கிழக்குக் கடற்கரையில், இரும்பாலைக்குப் பெயர் போன போஹாங் நகரத்தின் சுற்றுப்புறத்தில். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரசிகர்கள் அங்கே குவிந்தார்கள். நாயகன் வீடு, நாயகி வீடு, பாட்டி வீடு எல்லாம் உண்மையில் ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். வாசலைத் தாண்டாதீர்கள் என்று தயாரிப்புக் குழுவே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. சந்தைக்காரர்களுக்கு வியாபாரம் கூடியிருக்கும். ஆனால் முற்றத்தில் மீன் காயவைக்கும் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது செல்ஃபிக் கூட்டம் மட்டும்தான்.

இறுதிப் பகுதியைக் கொரியாவில் 12.7 சதவீத வீடுகள் பார்த்தன. முதல் பகுதிக்கு அது 6.8. பாதியில் வந்து சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் து-ஷிக்காக நடித்த கிம் சோன்-ஹோவின் கன்னக்குழிக்காக மட்டும் வந்தார்கள் என்று கட்டுரையாளர் நினைக்கலாம். கன்னக்குழிக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு பகுதிகளில் ஹே-ஜின் எரிச்சலூட்டுவாள். அதற்காக நிறுத்திவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். மொத்தம் 16 பகுதிகள்தான். பார்த்து முடித்துவிட்டு அவர் மறுபடியும் பஞ்சுமிட்டாய் என்றே எழுதினால், மறுபடியும் சண்டைக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி