பல்லு எக்ஸ்ரேயை தூக்கிப் போடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்ங்க. பாலக்கோட்டுல இருந்து எழுதுறேன்.

போன வருசம் எங்க பெரியப்பா பையன், லாரி ஓட்டுறவர், ஓசூர் தாண்டி ஒரு விபத்துல வண்டியோட எரிஞ்சு போயிட்டார். வண்டியில அவரும் கிளீனரும் ரெண்டு பேரு, எது யாரோட உடம்புன்னே தெரியல. மார்ச்சுவரி வாசல்ல வெச்சு போலீஸ்காரர் ஒருத்தர் பெரியம்மாகிட்ட கேட்டார், "பல்லு டாக்டர்கிட்ட எப்பவாச்சும் போயிருக்காராம்மா, எக்ஸ்ரே ஏதாச்சும் இருக்கா"ன்னு. போயிருக்கார்ங்க, ரூட் கேனால் பண்ணி கேப்பே போட்டிருந்தார். ஆனா அந்த கிளினிக்ல கேட்டா ஃபிலிமை அப்பவே உங்க கையில குடுத்துட்டோம், எங்ககிட்ட ஒண்ணுமில்லன்னுட்டாங்க, வீட்ல அது போகிக்கு சுத்தம் பண்ணும்போதே குப்பைக்குப் போயிடுச்சு. டிஎன்ஏ ரிசல்ட் வந்தப்புறம்தான் உடம்பைக் குடுத்தாங்க, பெரியம்மா அத்தனை நாளும் சரியா சோறு திங்கல.

அப்புறம்தான் இதப்பத்தி தேடிப் படிச்சேன். பல்லோட எனாமல்ல நூத்துக்கு 96 பங்கு தாதுப்பொருள், உடம்புலயே கெட்டியானது அதுதான், முகமும் கைரேகையும் கருகிப் போனாலும் பல்லு நிக்கும், அதுலயும் கடவாய்ப்பல்லு கன்னத்துக்கும் நாக்குக்கும் நடுவுல இருக்கறதால ரொம்ப நேரம் தாங்கும். எதைப் புடுங்கியிருக்கு, எதுல அடைச்சிருக்கு, வேர் எப்படி வளைஞ்சிருக்குன்னு பழைய எக்ஸ்ரேயையும் புது எக்ஸ்ரேயையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா சீக்கிரமே சொல்லிடலாமாம். இன்டர்போலே கைரேகை, பல்லு, டிஎன்ஏ இந்த மூணைத்தான் முக்கிய அடையாளமா வெச்சிருக்கு. 2004 சுனாமில தாய்லாந்துல செத்த வெளிநாட்டுக்காரங்க நிறைய பேரை பல்லை வெச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க, ஏன்னா அவங்க ஊர் டாக்டருங்ககிட்ட ரெக்கார்டு இருந்துச்சு. பழைய ரெக்கார்டு இல்லன்னா பல்லு இருந்தும் எதோட ஒப்பிடறது?

நம்ம ஜில்லாவுல போர் தண்ணி ஃபுளோரைடால பல்லுல காவி கறை இருக்கறது எல்லாருக்கும் தெரியும், ஒகேனக்கல் தண்ணி 2013லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி வளந்தவங்களுக்கு அந்தக் கறை அப்படியேதான் இருக்கு. அதை வெச்சு ஆளைச் சொல்லலாமேன்னு நானும் நெனச்சேன், முடியாதுங்க, தெருவுக்கே ஒரே கறை. எக்ஸ்ரேதான் வேணும். 2023 அக்டோபர்ல அத்திப்பள்ளி பட்டாசுக் கடை தீயில நம்ம தருமபுரி பசங்க கருகினாங்களே, அதுல படிச்சுக்கிட்டே லீவுல வேலைக்குப் போனவங்களும் உண்டு. அந்த வயசுப் பசங்கள்ல எத்தனை பேரு பல்லு எக்ஸ்ரே எடுத்திருப்பாங்க?

பல்லு டாக்டருங்ககிட்ட கையெடுத்துக் கேக்கறேன், ஃபிலிமைக் குடுத்தாலும் ஒரு காப்பி கம்ப்யூட்டர்ல வெச்சுக்கோங்க, எந்தப் பல்லுல என்ன பண்ணீங்கன்னு நம்பரோட சீட்டுல எழுதிக் குடுங்க. பல்செட் கட்டறவங்க உள்பக்கமா பேரோட முதல் எழுத்தைப் பதிச்சா பெருசா செலவாகாது. ஸ்கூல் பல் கேம்ப்ல பாக்கறதையும் கலெக்டர் ஐயா ஒரு ரிஜிஸ்டர்ல ஏத்தச் சொல்லணும். லாரி, பட்டாசு, குவாரின்னு வேலைக்குப் போறவங்க வீட்ல எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு ஒரு போட்டோ எடுத்து போன்ல வெச்சிருங்க.

எங்க வீட்ல இப்ப எடுத்த வரைக்கும் எல்லாரோட பல்லு எக்ஸ்ரேயும் ரேஷன் கார்டு இருக்கற கவர்லயே இருக்குங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்