செங்கல் வாங்கும் முன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நலம். அக்காவுக்கு ஏழாம் மாதம். கால் வீக்கம் கொஞ்சம் இருக்கிறது, ரத்த அழுத்தம் சரிதான். நீ கொசுவலைக்குள்தானே படுக்கிறாய்? மழை நவம்பரில்தான் என்று அசட்டையாக இருக்காதே.

மலாவியில் அனாதைப் பிள்ளைகளுக்கு விடுதி கட்டப்போவதாக நீ அனுப்பிய கட்டட வரைபடம் மூன்று நாளாக மேசை மேல் விரித்தபடி கிடக்கிறது. போனில் நான் "வேண்டாம்" என்று சொன்ன பிறகு நீ கூப்பிடவில்லை. அதனால் எழுதுகிறேன். உன் ஒரு வார்த்தையை நம்பி அத்தனை பேர் பணம் போட்டிருக்கிறார்கள். அதைப் பக்கத்து வீட்டிலும் சொன்னேன், சித்தி வந்தபோதும் சொன்னேன். ஆனால் செங்கல் வாங்காதே. சூளைக்காரருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதோடு நிற்கட்டும்.

மச்சிஞ்சிப் பக்கம் நாற்பது பிள்ளைகளுக்கு விடுதி என்கிறாய். அந்த நாற்பது பேர் யார் எய்யா? அனாதைக் கணக்கு எடுக்கும்போது பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளையையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். அதனால் பட்டியலில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருப்பார். மீதிப் பேருக்கு அகோகோ என்கிற பாட்டி இருப்பாள், இல்லாவிட்டால் மலூமே என்கிற தாய்மாமன். அங்குள்ள செவா மக்களிடம் பிள்ளை அம்மா வழிக்குச் சொந்தம். தாய்மாமன் பொறுப்பு என்றால் என்னவென்று நம் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

விடுதி திறந்த வருடமே சுற்று வட்டாரத்தில் வறுமைப்பட்ட வீடெல்லாம் பிள்ளையைக் கொண்டுவந்து விடும். மூன்று வேளைச் சாப்பாடு, உடுப்பு, நோட்டுப் புத்தகம் ஒரே இடத்தில் கிடைத்தால் எந்த அகோகோவும் அதைத்தான் செய்வாள். அது பாசக் குறைவில்லை, பசி. ஆனால் பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை வெளியே வரும்போது ஊரில் அவனுக்கு நிலம் இருக்காது. கூட இருந்து களை வெட்டியவனுக்குத்தான் வம்சத்து நிலத்தில் ஒரு பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். செலவையும் பார். தான்சானியாவின் ககேராவில் கணக்குப் பார்த்தபோது, விடுதியில் ஒரு பிள்ளைக்கு வருடம் 1,000 டாலருக்கு மேல் ஆனது. அதே பிள்ளையை ஒரு குடும்பத்தில் வைத்துத் தாங்குவதைப்போல் அது கிட்டத்தட்ட ஆறு மடங்கு. உன்னிடம் இருக்கும் பணம் நாற்பது பேருக்கு என்றால், வீட்டில் வைத்துப் பார்த்தால் இருநூறு பேருக்கு மேல் வரும்.

ஊரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார். சுகுலு யா ம்காகா ஒன்று அநேகமாக இருக்கும். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை ஊர்ப் பெண்களே காலையில் கூட்டி வைத்துப் பாட்டுச் சொல்லி, கஞ்சி ஊற்றி, மதியம் அனுப்பும் இடம். கூரை போட்ட ஒரு கொட்டகைதான், சில ஊரில் மாமரத்தடி. கஞ்சி நின்றால் அதுவும் நின்றுவிடும். கஞ்சி நிற்பது எப்போதும் ஒரே பருவத்தில்தான்: டிசம்பர் முதல் மார்ச் வரை. பழைய சோளம் தீர்ந்து, புதியது இன்னும் வயலில் நிற்கும் மாதங்கள்.

நாற்பது பிள்ளைக்குக் கணக்குப் போட்டுத் தருகிறேன், எழுதி வைத்துக்கொள். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 60 கிராம் மாவு. நாற்பது பேருக்கு 2.4 கிலோ. டிசம்பர் தொடங்கி மார்ச் முடிய, வாரம் ஐந்து நாள் என்றால் 85 நாள், 204 கிலோ. சேதாரம் சேர்த்து 250 கிலோ வை. அதில் நான்கு பங்கு மக்காச்சோளம், ஒரு பங்கு சோயா. அதுதான் அங்கே லிகுனி பாலா என்கிற கஞ்சி மாவு. ஆக 200 கிலோ சோளம், 50 கிலோ சோயா. சோளத்தை உமி நீக்காமல் முழுதாக அரைக்கச் சொல். சோயாவைப் பொன்னிறமாக வறுத்துத்தான் அரைக்க வேண்டும். பச்சை சோயாவில் இருக்கும் ஒரு பொருள் புரதத்தைச் செரிக்க விடாது, பிள்ளைக்கு வயிறு உப்பும். நான்கு மாதத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் அரைத்துவிடாதே. சோயாவில் எண்ணெய் உண்டு, மாவு சிக்கெடுத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரைத்தால் போதும். விறகுக்குத் தனியாகப் பணம் வேண்டாம். வீட்டுக்கு ஒரு குச்சி என்று அவர்களே கொண்டுவருவார்கள், அது அவர்கள் பங்கு.

இந்த 250 கிலோவை இப்போதே வாங்கு. அறுவடை முடிந்த மே மாதத்தில் வாங்கியிருக்க வேண்டும், அது போய்விட்டது. ஜனவரியில் வாங்கினால் விலை கழுத்தைப் பிடிக்கும். வாங்கியதைச் சும்மா சாக்கில் அடுக்கினால் துளைப்பான் வண்டு இரண்டு மாதத்தில் மாவாக்கிவிடும். மூன்று அடுக்குப் பையில் போட்டு, உள் உறை ஒவ்வொன்றையும் காற்றுப் பிதுக்கித் தனித்தனியாக முறுக்கிக் கட்டச் சொல். உள்ளே காற்று இல்லாமல் வண்டு சாகும், மருந்தே வேண்டாம். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், அது கல்லீரலுக்கு விஷம். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் சோளம், ஒரு கை காய்ந்த உப்பு போட்டு ஒரு நிமிடம் குலுக்கிப் பார். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் வெயிலில் காய வேண்டும்.

அடுத்த வருடத்துக்கு நீ வாங்கித் தரக்கூடாது. ஊர்த் தலைவரிடம் ஒரு ஏக்கர் கேள், பொது வயல். அரை ஏக்கரில் சோளம், கால் ஏக்கரில் சோயா, மீதியில் நிலக்கடலை. ஜிம்பாப்வேயில் தலைவரின் வயல் என்று காலங்காலமாக இருப்பதும் இதுதான், ஊரே உழைத்து இல்லாதவருக்கு எடுத்து வைப்பது. நீ தர வேண்டியது விதையும் உரமும் மட்டும். அரை ஏக்கருக்கு 5 கிலோ விதை, அடியுரம் 25 கிலோ, யூரியா 25 கிலோ. வரப்புக்கு வரப்பு 75 சென்டிமீட்டர், குழிக்குக் குழி 25, குழிக்கு ஒரு விதை. உரம் அக்டோபருக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். முதல் மழை பெய்த பிறகு லாரி அந்த மண் ரோட்டில் ஏறாது.

பட்டியலை நீ எழுதாதே. அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினால் தலைவரின் அக்கா மகன்தான் முதல் பெயராக இருப்பான். கூட்டம் போட்டு, பெயரை உரக்க வாசித்து, ஆட்சேபம் கேட்டு, பிறகு ஒப்புக்கொள்ளச் சொல். மச்சிஞ்சியில் 2006இல் அரசு உதவித்தொகை தொடங்கியபோதும் வீடுகளைத் தேர்ந்தது ஊர்க் குழுதான். அந்த ம்துகுலா பகோமோ இப்போது நாடு முழுக்க இருக்கிறது. உழைக்க ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் அது. உன் பட்டியலில் எந்த வீடு அதில் விட்டுப்போனது என்று மாவட்ட நலத்துறையில் கேட்டுச் சேர்த்துவிடு. அது நீ போன பிறகும் வரும்.

அனாதைப் பிள்ளைக்கு மட்டும் போர்வை கொடுக்காதே. ஒரே பாயில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் ஒருவனுக்கு மட்டும் புதுப் போர்வை என்றால் அன்றிரவே அவனுக்கு அடி விழும். வீட்டுக்குக் கொடு. சட்டையில் உங்கள் குழுவின் பெயரை அச்சடிக்காதே. அந்தப் பிள்ளைகளைப் போட்டோ எடுத்து அனுப்பாதே.

வேலை செய்யும் பெண்களில் ஒருத்திக்குச் சம்பளம் கொடுத்தால் மற்றவர்கள் மறுநாள் வரமாட்டார்கள். ஜிம்பாப்வேயின் முதாரே பக்கம் அனாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள 1993இல் தொடங்கிய வேலையில் தேவாலயத்துப் பெண்கள்தான் வீடு வீடாகப் போனார்கள், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல். ஆனால் ஜனவரியில் அவர்களுக்கும் களை வெட்டு இருக்கிறது. நாளுக்கு இருவர் என்று முறை போடு. அவர்களே சேமித்து அவர்களுக்குள் கடன் கொடுக்கும் திண்ணை வங்கி இருந்தால் இன்னும் நல்லது. பேங்க் ம்கோண்டே என்று அங்கே சொல்வதும் அதே அர்த்தம்தான். இருபது பேர், மூன்று பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, மூன்று சாவி மூன்று வீட்டில். உன் பணத்தை அந்தப் பெட்டிக்குள் போடாதே. வெளிப்பணம் விழுந்தால் கடன் திரும்பி வராது.

வீட்டுக்குப் போகும் பெண்கள் ஒன்றைக் கேட்க மறக்கக்கூடாது: அம்மாவின் மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது? எச்.ஐ.வி. மருந்து அங்கே 2004இல் இலவசமாக வந்தது. 2011 முதல் தொற்றுள்ள கர்ப்பிணி எல்லோருக்கும் ஆயுளுக்கும் கொடுக்கிறார்கள். அதற்கு முந்தைய வருடங்களை நான் பார்த்தேன், உனக்குத் தெரியும். அம்மா உயிரோடு இருந்தால் பிள்ளை தனித்துப் போகாது. ஆஸ்பத்திரிக்குப் போக கபாசா என்கிற வாடகை சைக்கிளுக்குக் கூலி கொடு. அதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை. பிறந்தவுடன் தாயை இழந்த கைக்குழந்தை ஒன்றுதான் வேறு. பால்மாவுக்கு வழி இல்லாத வீட்டில் அது பிழைப்பது கஷ்டம். அதைச் சில மாதம் குழந்தை இல்லத்தில் வைக்கலாம். அப்போதும் அகோகோ வாரந்தோறும் போய்த் தூக்க வேண்டும், நடக்கத் தொடங்கியதும் வீட்டுக்கு வர வேண்டும்.

செங்கல் வாங்காதே என்று மறுபடி எழுத வேண்டியதில்லை. எழுதுகிறேன்.

உன் வரைபடத்தில் ஜன்னல் எல்லாம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது. எதற்கு இவ்வளவு தாழ்வு என்று முதல் நாள் யோசித்தேன். இரண்டாம் நாள் புரிந்தது. மூன்றாம் வகுப்பில் உன்னைக் கொண்டுபோய் விட்ட அந்த விடுதியில் ஜன்னல் என் தலைக்கு மேல் இருந்தது. டிரங்குப் பெட்டியின் மேல் ஏறி நின்றால் ரோடு தெரியும் என்று நீ எழுதிய கடிதம் எனக்கு மச்சிஞ்சியில்தான் வந்து சேர்ந்தது. ஆச்சி உன்னைத் தன்னிடம் விடச் சொல்லி மூன்று தடவை கேட்டாள். மாமாவும் கேட்டான். அவள் வீட்டில் படிப்பு வராது என்று நான்தான் சொன்னேன். பிறகு போய் அங்கே அகோகோக்களிடம், பிள்ளையை விடாதே, வீட்டிலேயே வை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் உன்னை விட்டேன். தப்பு எய்யா. இதை நான் உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

நல்ல விடுதி ஒன்றை நீ கட்ட நினைக்கிறாய் என்று தெரிகிறது.

சோளத்துக்குப் பணம் அனுப்பும் முன் ஒரு போன் போடு. உனக்கு இரவு ஏழு என்றால் எனக்குப் பத்தரை. தூங்கியிருப்பேன் என்று வைக்காதே, எடுப்பேன்.

அம்மா