கூடத்தைத் திறந்துவிடுங்கள்: எங்கள் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

புதன்கிழமை மாலை கருத்தரங்கக் கூடம் ஏன் பூட்டப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும் என்பதால் நடந்ததை முழுதாக அடுக்கப்போவதில்லை. ஆவணப்படம் ஒன்றைத் திரையிடத் துறைத்தலைவரின் கையெழுத்தோடு விண்ணப்பம் கொடுத்திருந்தோம். அலுவலகம் முத்திரையும் வைத்தது. ஆனால் அன்று பகலில் வகுப்புப் பிரதிநிதிகளின் வாட்ஸ்அப்புக்கு ஒரே ஒரு வரி வந்தது: "நிர்வாகக் காரணங்களால் திரையிடல் ரத்து." என்ன காரணம் என்று கேட்கப் போனோம். "காலேஜ்ல அரசியல் வேண்டாம்மா" என்றார்கள். அதையாவது எழுதிக் கொடுங்கள் என்றோம். கொடுக்கவில்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஆனந்த் பட்வர்தனின் 'போரும் அமைதியும்' ஆவணப்படத்தைத் திரையிடவும், முடிந்த பிறகு மாணவர்கள் உட்கார்ந்து பேசவும் கூடத்தைத் திறந்துவிடுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

இது தடை செய்யப்பட்ட படம் அல்ல. 1998இல் பொக்ரானில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளையும், உடனே பாகிஸ்தான் நடத்திய சோதனைகளையும் தொடர்ந்து எடுக்கப்பட்டது. தணிக்கை வாரியம் ஒரு கட்டத்தில் 21 வெட்டுகள் கேட்டது. இயக்குநர் ஒத்துக்கொள்ளாமல் வழக்காடினார். 2003இல் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு வெட்டும் இல்லாமல் சான்றிதழ் கொடுக்கச் சொல்லிவிட்டது. நீதிமன்றமே பார்க்கலாம் என்று சொன்ன படம் முதுகலை மாணவர்களுக்கு ஆகாது என்று எங்கே, யார் முடிவெடுத்தார்கள்?

போன பருவத்தில் இதே கூடத்தில் பீட்டர் டேவிஸின் 'ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்' திரையிட்டோம். வியட்நாம் போர் பற்றி 1974இல் வந்த அமெரிக்கப் படம். அன்று உங்களில் யாராவது வந்திருந்தால் இந்த மடலுக்கே அவசியம் இருந்திருக்காது. அதில் ஒரு இடம் வருகிறது. வியட்நாமியர் ஒருவரின் அடக்கம் நடக்கிறது. ஒரு சிறுவன் புகைப்படத்தைக் கட்டிக்கொண்டு கதறுகிறான், ஒரு பெண் குழிக்குள் இறங்கப் பார்க்கிறாள். அடுத்த காட்சியில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் வெஸ்ட்மோர்லாண்ட், மேற்கத்தியர் அளவுக்குக் கீழை நாட்டுக்காரர்கள் உயிருக்கு மதிப்புக் கொடுப்பதில்லை என்று நிதானமாகச் சொல்கிறார். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

விளக்குப் போட்டதும் முதலில் எழுந்தது ராணுவ ஹவில்தார் ஒருவரின் மகள். "அவர் பேசியது ஒரு இடத்தில், அழுகை நடந்தது வேறொரு இடத்தில். இரண்டையும் ஒட்டியது இயக்குநர். இது நியாயமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், கூடம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒட்டாமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சின் கொடுமை நமக்கு உறைத்திருக்குமா என்றான் ஒருவன். அப்படி உறைக்கவைப்பதுதானே பிரச்சாரம் என்றாள் இவள். ஜெனரலை யார் நியமித்தார்கள், அவரைக் கேள்வி கேட்க வேண்டிய நாடாளுமன்றம் என்ன செய்தது என்று பேச்சு போனது. வியட்நாமில் படை நடத்த அதிபருக்கு அதிகாரம் கொடுத்த டாங்கின் வளைகுடாத் தீர்மானம் 1964இல் அமெரிக்க செனட்டில் இரண்டே இரண்டு எதிர் வாக்குகளோடு நிறைவேறியதை யாரோ தேடி எடுத்து வாசித்தார்கள். காவலாளி அண்ணன் வந்து சாவியை ஆட்டும்வரை யாரும் நகரவில்லை.

ஐயா, நீங்கள் அஞ்சுகிற அரசியல் இதுதான். படம் சொன்னதை நம்பிக்கொண்டு யாரும் வெளியே போகவில்லை. படத்தையே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார்கள். மூன்று ஆண்டுகள் பாடம் கேட்டும் வகுப்பில் வாய் திறக்காதவர்கள் அன்று பேசினார்கள்.

இப்போது பூட்டு யாரைத் தடுத்தது என்று சொல்கிறேன். வசதியும் ஆங்கிலமும் உள்ளவர்களை அது தடுக்கவில்லை. அவர்கள் வீட்டில் மடிக்கணினியில் பார்த்துக்கொள்வார்கள். 'போரும் அமைதியும்' படத்தில் பேசப்படுவது பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும். ஹிரோஷிமாவில் தப்பியவர்கள் ஜப்பானிய மொழியில் பேசுகிறார்கள். தமிழ்வழியில் படித்து வந்த எங்கள் வகுப்புக்கு இதில் எதுவும் முழுதாகப் புரியாது. அதனால் நாங்கள் சிலர் விடுமுறை முழுக்க உட்கார்ந்து தமிழில் சப்டைட்டில் எழுதினோம். அதில் பாதிக்கு மேல் எழுதியவன், மாலையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு மாணவன். கடை சாத்திய பிறகு, சேலை மடித்த கையோடு விடுதிக்கு வந்து, ஒரு வாக்கியத்தைப் பத்துத் தடவை ஓட்டிக் கேட்டு எழுதுவான். புதன்கிழமைக்காக அவன் கடையில் விடுப்புச் சொன்னான். அந்த நாள் கூலி போயிற்று. அவன் அம்மாவும் வருவதாக இருந்தது. நூறு நாள் வேலையை முடித்துக்கொண்டு, மகன் எழுதியதைத் திரையில் பார்க்க அந்த அம்மா நகரப் பேருந்து ஏறி வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். "என்னப்பா, படம் இல்லையா?" என்று கேட்டார். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்கும்தான். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று அவரை அனுப்பிவைத்தோம்.

இதற்கு நிர்வாகம் ஒரு வருத்தமாவது தெரிவித்திருக்கலாம்.

போர் எங்களுக்குப் புதிதாக அறிமுகமாகிற விஷயம் அல்ல. 2025 மே மாதம், கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டது என்று சில தொலைக்காட்சிகள் இரவெல்லாம் அலறியபோது விடுதிக் கூடத்தில் கைதட்டல் கேட்டது. மறுநாள் பார்த்தால் துறைமுகம் அப்படியே இருந்தது. கணினி விளையாட்டுக் காட்சிகள்கூட அன்று போர்க் காட்சிகளாகச் சுற்றின. அவற்றைப் பார்க்க யாரும் அனுமதி கேட்கவில்லை, யாரும் பூட்டும் போடவில்லை. போன ஆண்டு ஒரு போர்ப் படத்துக்கு வகுப்புகளை நிறுத்திவிட்டுப் பேருந்து வைத்து எங்களை அழைத்துப்போனீர்கள், வருகைப்பதிவும் எடுத்தீர்கள். போனதில் எங்களுக்குக் குறையில்லை. முடிந்ததும் ஒரு கேள்வி கேட்க இடம் இருந்ததா என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

கட்சிகளும் இந்த விஷயத்தில் நமக்கு உதவவில்லை. ஈழத்தின் கடைசிப் போர் பற்றி மேடையில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கையை எங்களில் சிலர் போன ஆண்டுதான் படித்தோம். போர் தவிர்ப்பு வலயங்கள் என்று அறிவித்த இடங்களிலேயே அரசுப் படைகள் ஷெல் அடித்ததாக அது சொல்கிறது. தப்பிக்கப் பார்த்த தமிழ் மக்களைப் புலிகள் தடுத்ததாகவும் சுட்டதாகவும் அதே அறிக்கை சொல்கிறது. இரண்டையும் ஒரே மேடையில் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. செத்தவர்கள்மீது உண்மையான அக்கறை இருந்தால் இரண்டையும் பேச வேண்டும். அதற்குத் துணிவு தருகிற இடமாகக் கல்லூரிதானே இருக்க முடியும்? பட்வர்தனின் படத்தில், பாகிஸ்தான் பள்ளி ஒன்றின் விவாதத்தில் அணுகுண்டை ஆதரித்து முழங்கும் மாணவிகள், பிறகு தனியாகக் கேட்கும்போது வேறு மாதிரி பேசுகிறார்கள். அந்த இடத்தை எங்கள் வகுப்பு சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

சொல்ல வந்ததைவிட அதிகம் சொல்லிவிட்டேன். கோரிக்கைக்கே வருகிறேன். கூடத்தைத் திறந்துவிடுங்கள். திரையிடலும் உரையாடலும் நடக்கட்டும். விரும்பினால் எதிர்க்கருத்து உள்ள பேராசிரியர் ஒருவரை நீங்களே அழைத்துப் பேசவையுங்கள், முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்போம். ராணுவத்தில் பணியாற்றிய முன்னாள் மாணவர்கள் வந்தாலும் மகிழ்ச்சிதான். பருவத்தேர்வுக்கு முன் எந்த மாலை உங்களுக்கு வசதியோ அந்த மாலை எங்களுக்குச் சம்மதம். ஒரு நாள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த அம்மாவுக்குத் தகவல் அனுப்ப வேண்டும்.

மறுப்பதாக இருந்தால், தயவுசெய்து, எழுத்தில்.

இப்படிக்கு,
திரையிடல் குழுவின் சார்பில்,
முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவி