காது கேட்கும் கருவி: தள்ளுபடியை விட அளவீடு முக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காது கேட்கும் கருவிகளுக்குத் தள்ளுபடி அறிவிக்கும் விளம்பரங்கள் தங்கள் நாளிதழ் உட்படப் பல நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. எத்தனை சேனல், புளூடூத் உண்டா, காதுக்குள் மறையும் அளவுக்குச் சிறியதா என்பனவெல்லாம் அவற்றில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. விற்கும் கருவி அந்த ஒருவரின் காதுக்குச் சரியாக ஒலிக்கிறதா என்பதை எப்படி அளந்து உறுதி செய்வார்கள் என்ற செய்தியை நான் பார்த்த எந்த விளம்பரத்திலும் காணவில்லை. இரு காதுகளிலும் பல ஆண்டுகளாகக் கருவி அணிந்து வருபவன் என்ற முறையில், வாங்கப் போகும் முதியவர்களும் அவர்களை அழைத்துச் செல்லும் பிள்ளைகளும் இதை அறிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

மூப்பினால் வரும் செவித்திறன் குறைவு எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் மங்கச் செய்வதில்லை. பெரும்பாலோருக்கு உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் போகின்றன. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ச, த, ப, க என்று மெய்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகளோ ஏறக்குறைய 2000 ஹெர்ட்சிலிருந்து மேலே இருக்கின்றன. ஆகவே யாரோ பேசுகிறார்கள் என்பது தெரிகிறது. பத்து என்றார்களா, சத்து என்றார்களா என்பது தெரிவதில்லை. இதற்கு மேல், மெல்லிய ஒலியைக் கேட்காத அதே காதுக்கு உரத்த ஒலி முன்போலவே உறைக்கும். எல்லா ஒலியையும் ஒரே மடங்கில் கூட்டும் கருவி பேச்சைப் புரிய வைப்பதற்குள், பாத்திரம் விழும் ஓசையால் காதை நோகடித்துவிடும்.

1996இல் முழு டிஜிட்டல் கருவிகள் விற்பனைக்கு வந்தபின் இதைக் கையாள்வது எளிதாயிற்று. மைக்ரோஃபோன் வாங்கும் ஒலியை எண்களாக்கி, அதிர்வெண் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கி, ரிசீவர் எனப்படும் சிறு ஒலிபெருக்கி வழியாகக் காதுக்குள் அனுப்புவதே இன்றைய கருவியின் வேலை. சேனல் என்று விளம்பரத்தில் எண்ணிக் காட்டுவது இந்தப் பிரிவுகளைத்தான். ஓரளவுக்கு மேல் அவை கூடுவதால் கிடைக்கும் பயன் சொற்பம். இரைச்சலைக் குறைக்கும் வசதி கேட்பவரின் களைப்பைக் குறைக்கும். ஆனால் கூட்டத்தின் நடுவே பேச்சு புரிய அதைவிட உதவுபவை, எதிரே இருப்பவரின் குரலுக்கு முதலிடம் தரும் திசையுணர் மைக்ரோஃபோன்கள். காதுக்குள் முழுதாக மறையும் கருவிகள் பெரும்பாலானவற்றில் இதற்குத் தேவையான இரண்டு மைக்ரோஃபோன்களை வைக்க இடமில்லை. பிறர் கண்ணில் படக் கூடாது என்ற கூச்சத்துக்காகக் கல்யாணப் பந்தியில் பேச்சை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

விலை குறித்து ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் காக்ஸ் தலைமையிலான குழு, லேசானது முதல் நடுத்தரமானது வரையிலான செவித்திறன் குறைவுள்ள முதியவர்களுக்கு உயர்விலைக் கருவிகளையும் அடிப்படைக் கருவிகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஆராய்ந்தது. 2014இலும் 2016இலும் வெளியான முடிவுகளின்படி, பேச்சைப் புரிந்துகொள்வதிலும் அன்றாட வாழ்விலும் கருவியால் நல்ல பயன் கிடைத்தது. ஆனால் இரு விலைப் படிகளுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அதன்பின் தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதிக விலை கொடுத்தால் அதிகம் புரியும் என்று யாரேனும் சொன்னால், வாங்குபவர் சற்று நிதானிக்க இந்த ஆய்வு போதுமானது.

உண்மையான வேறுபாடு பொருத்துவதில் இருக்கிறது. ஒருவருக்கு எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் செவித்திறன் சோதனை வரைபடமான ஆடியோகிராமைக் கணினியில் ஏற்றியதும், தயாரிப்பாளரின் மென்பொருள் சராசரிக் காது ஒன்றைக் கணக்கில் கொண்டு ஓர் உத்தேச அமைப்பைக் கருவிக்கு அனுப்புகிறது. காதுக்குழாயின் நீளமும் அகலமும் ஆளுக்கு ஆள் மாறுவதால், செவிப்பறையை எட்டும் ஒலி, மென்பொருள் திரையில் காட்டும் உத்தேசக் கோட்டிலிருந்து பல டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) விலகலாம். பேச்சின் தெளிவுக்கு வேண்டிய உயர் அதிர்வெண்களிலேயே பெரும்பாலும் ஒலி குறைகிறது. இதைக் கண்டறிய ‘ரியல் இயர்’ அளவீடு என்ற முறை இருக்கிறது. மெல்லிய சிலிகான் குழாயைச் செவிப்பறைக்கு அருகே வைத்து, அதன் மேல் கருவியை அணிவித்து, மெல்லிய, இயல்பான, உரத்த பேச்சொலிகளை ஒலிக்கச் செய்து, உள்ளே உண்மையில் சேரும் ஒலியை அளக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் வகுத்த ‘நால்-என்எல்2’ போன்ற சூத்திரம் அந்த ஆடியோகிராமுக்குக் குறிக்கும் இலக்கை எட்டும்வரை கருவியைத் திருத்துகிறார்கள். வலியில்லாமல் சில நிமிடங்களில் முடியும் வேலை இது.

‘நன்றாகக் கேட்கிறதா?’ என்று கேட்டு முடிப்பது இதற்கு ஈடாகாது. பல ஆண்டுகள் உயர் ஒலிகளைக் கேளாதிருந்தவருக்குச் சரியான அளவே முதலில் கூர்மையாக உறுத்தும். பழகச் சில வாரங்கள் ஆகும். அவர் முகம் சுளித்தவுடன் ஒலியைக் குறைத்து அனுப்பினால், அன்றைக்கு நிம்மதியாக வீடு திரும்புவார். ஆனால் பேச்சு முன்போலவே புரியாமல் இருக்கும். சில மாதங்களில் கருவி மேசை இழுப்பறைக்குப் போய்விடும். அதைக் கண்டு அக்கம்பக்கத்தவரும் கருவியால் பயனில்லை என்று முடிவு கட்டுகிறார்கள்.

கருவிக்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பது அவசியம். காதுக்குறும்பியோ நடுச்செவி நோயோ காரணமாக இருக்கலாம். திடீரென ஒரு காது கேளாமல் போனால் அது அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பொருத்துபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டா (செவித்திறன் வல்லுநரா) என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 60 டெசிபல் அளவுக்காவது இழப்பு உள்ளவரையே செவித்திறன் குறைந்தவராகக் கொள்கிறது. 45, 50 டெசிபல் இழப்போடு தினமும் திண்டாடும் முதியவர்கள் அந்த வரையறைக்கு வெளியே நின்று சேமிப்பிலிருந்தோ பிள்ளைகளின் சம்பளத்திலிருந்தோ வாங்குகிறார்கள். ஆகவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், கருவியை எங்கே வாங்கியிருந்தாலும் இந்த அளவீட்டைச் செய்து தர ஏற்பாடு வேண்டும். விற்பனை நிலையங்கள் அளவீட்டின் அச்சுப் பிரதியை ரசீதுடன் தர வேண்டும் என்று அரசு விதிக்க வேண்டும். தங்கள் நாளிதழும், கருவி விளம்பரங்களை ஏற்கும்போது, ‘ரியல் இயர்’ அளவீடு செய்யப்படுமா, இல்லையா என்பதை அவற்றில் குறிப்பிடச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.