சாவிம்பியை ஏன் இழுத்தீர்கள்?

ஆசிரியருக்கு, வணக்கம்.

லெபனானின் ஹிஸ்புல்லா ஆயுத இயக்கத் தலைவர் நஸ்ரல்லாவை இஸ்ரேல் கொன்றதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'தலையை நசுக்கிவிட்டால் வால் எத்தனை நாளைக்கு ஆடும்' என்று கேட்டுவிட்டு, அதற்குச் சாட்சியாக அங்கோலாவின் ஜோனாஸ் சாவிம்பியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் கட்டுரையாளர். அங்கேதான் எனக்கு இடித்தது.

அங்கோலா அரசை எதிர்த்துப் போரிட்ட யூனிட்டா கிளர்ச்சி இயக்கத்தின் தலைவர் சாவிம்பி 2002 பிப்ரவரி 22 அன்று மொஷிகோ மாகாணத்தில் அரசுப் படையால் கொல்லப்பட்டார். ஏப்ரல் 4 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தானது. 1975இல் தொடங்கிய போர், ஆறே வாரத்தில் முடிந்தது. தேதிகளை மட்டும் பார்த்தால் கட்டுரையாளர் சொல்வது சரி. ஆனால், சாகும்போது சாவிம்பியிடம் என்ன மிச்சம் இருந்தது? பனிப்போர் முடிந்ததும் அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும் அவரைக் கைகழுவிவிட்டன. 1998இல் அவர் விற்ற வைரங்களுக்கு ஐ.நா. தடை போட்டது. மறு வருடமே அவருடைய கோட்டைகளான பைலுண்டோவும் அன்டுலோவும் கைவிட்டுப் போயின. கடைசியில் காட்டுக்குள் அவருடைய ஆட்கள் பசியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அரசு செய்ததைத்தான் கட்டுரை தொடவே இல்லை. ஜெயித்த வேகத்தில் மிச்சமிருந்தவர்களைத் துரத்தித் துரத்திச் சுடவில்லை. மார்ச் 13 அன்று தாக்குதலை நிறுத்தியது. பொது மன்னிப்பு கொடுத்தது. சுமார் 5,000 யூனிட்டா வீரர்களை ராணுவத்தில் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. (கருணை மிக்க அரசு என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு முன்னால் கிராமங்களைக் காலிசெய்து ஜனங்களைப் பட்டினி போட்டதும் இதே அரசுதான்.) யூனிட்டா இன்றைக்கு எதிர்க்கட்சி. 2022 தேர்தலில் சுமார் 44 சதவீத வாக்கு வாங்கியது.

லெபனானுக்கே வருவோம். 1992 பிப்ரவரி 16 அன்று ஹிஸ்புல்லா தலைவர் அப்பாஸ் முசாவியை, மனைவியோடும் சின்ன மகனோடும் காரில் போகும்போது இஸ்ரேலிய ஹெலிகாப்டர்கள் கொன்றன. அவர் இடத்துக்கு வந்த முப்பதைத் தாண்டிய இளைஞர்தான் நஸ்ரல்லா. அதன்பின் 32 வருடம் அவரே தலைவர். கட்டுரையின் நாயகரே அப்படி முளைத்தவர் என்பது எப்படி விட்டுப்போனது?

அங்கோலா போர்நிறுத்தத்துக்கு வழிவிட்ட லுவேனா பேச்சுவார்த்தையைப் பற்றித் தமிழில் விரிவாக எதுவும் என் கண்ணில் படவில்லை. உங்கள் கட்டுரையாளரே எழுதலாம். சாவிம்பியின் உடல் 17 வருடம் கழித்து, 2019இல்தான் குடும்பத்தார் கைக்கு வந்தது. அந்தக் கதையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
திருச்சி