மணிக்கட்டைத் தூக்கி வை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடி வீட்டுக்காரர் காலி செய்துவிட்டார், வேறு ஆள் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். அம்மா பக்கத்தில் இருக்கும்போது பேச முடியாததற்குத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசும்போது டீ கிளாஸை இடது கையில் பிடித்திருந்தாய். நடுநடுவே வலது கையை உதறினாய், தெர்மாமீட்டரை உதறுகிற மாதிரி. அம்மா கவனிக்கவில்லை. கேட்டால் ‘ஒண்ணுமில்லைப்பா’ என்பாய், அதனால் நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அங்கே வீங்கி நரம்பு அழுந்தினால் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். சுண்டு விரல் தப்பித்துவிடும். ராத்திரியில்தான் அதிகம், எழுந்து உதறினால் கொஞ்சம் விடும். கார்ப்பல் டனல் என்கிறார்கள். ஆரம்பத்திலேயே பார்த்தால், தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் பட்டை போட்டுக்கொண்டே பலருக்குச் சரியாகிவிடுகிறதாம். வருஷக்கணக்கில் விட்டால் கட்டை விரலுக்கு அடியில் உள்ள சதை வற்றிவிடும். எலும்பு டாக்டரிடம் பொதுவாகத்தான் விசாரித்தேன், உன் பேரைச் சொல்லவில்லை. உனக்கு இது இல்லையென்றால் சந்தோஷம்.

நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஏ எஸ் டி எஃப் இல்லை, உட்காருவது. பாதம் தரையில், முதுகு நிமிர்ந்து, முழங்கை உடம்பை ஒட்டி, மணிக்கட்டு மெஷினில் படக்கூடாது. ஸ்கேலை எடுத்தால் மற்ற பிள்ளைகள் பயப்படுவார்கள், நீ முறைப்பாய். பிளஸ் டூ முடிப்பதற்குள் லோயர், ஹையர் இரண்டிலும் ஃபர்ஸ்ட் கிளாஸ். நம் இன்ஸ்டிட்யூட் போர்டில் உன் பேரைத்தான் முதலில் எழுதினேன். அப்படிப்பட்டவள் இங்கிலாந்தில், லீட்ஸில் சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப்பை வைத்துக் கூன் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். ரெமிங்டன் டைப்ரைட்டரில் வரி முடிந்தால் கேரியேஜைத் தள்ள வேண்டும், தாள் முடிந்தால் மாற்ற வேண்டும். கைக்குத் தானாக ஒரு ஓய்வு கிடைக்கும். லேப்டாப்பில் அது கிடையாது. திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் கை அந்தரத்தில் நிற்கும், கைக்குத் தோதாக இறக்கினால் கழுத்து குனியும். தனி கீபோர்டும் மவுஸும் இருந்தால்தான் தீரும்.

காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் ஆபீஸில் கேள். பிரிட்டனில் 1992-லேயே திரை பார்த்துச் செய்யும் வேலைக்கென்று விதி போட்டிருக்கிறார்கள். தினமும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து திரை பார்ப்பவரின் இருக்கை, மேசை எல்லாவற்றையும் முதலாளி மதிப்பீடு செய்ய வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும் அது உண்டு. வலிக்கிறது என்று சொன்னால் மறுபடி பார்க்க வேண்டும். கேட்டால் கண் பரிசோதனைச் செலவும் அவர்களுடையது. உனக்கும் அப்படி ஒரு படிவம் வந்ததாமே? எல்லாவற்றுக்கும் ‘பிரச்சினை இல்லை’ என்று டிக் போட்டு இரண்டே நிமிஷத்தில் அனுப்பிவிட்டாயாமே? மாப்பிள்ளையைக் கோபிக்காதே, நான்தான் நோண்டி நோண்டிக் கேட்டேன்.

வலி என்று எழுதினால் வேலைக்கு லாயக்கில்லை என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயமா? அத்தையை நினைத்துப் பார். ஜவுளிக்கடையில் நின்று நின்று கால் நரம்பெல்லாம் சுருண்டுபோனவள். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி 2018-ல் உட்காரும் உரிமையை வாங்கினார்கள். இங்கே தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அத்தை கடைக்கும் ஸ்டூல் வந்தது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார், அதனால் அதன்மேல் சேலைக் கட்டுதான் உட்கார்ந்திருக்கிறது. சரி, அவளை முறைக்க ஒரு ஆள் இருக்கிறார். உன்னை யார் முறைத்தார்கள்?

நான் நாலரைக்கு எழுந்திருக்கும்போது அங்கே நடுராத்திரி. அப்போதும் நீ வாட்ஸ்அப்பில் இருக்கிறாய். வீட்டுக் கடனுக்காகக் கூடுதல் வேலை எடுக்கிறாய் என்றால் வேண்டாம் பாப்பா. மாடிக்கு ஆள் வந்துவிட்டால் அந்த வாடகையே தவணையில் பாதிக்கு வரும். அனுப்புகிற பணத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள். அம்மாவுக்குக் காரணம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

மணிக்கு ஒரு தடவை எழுந்து ஐந்து நிமிஷம் நட. மணிக்கட்டை மேசை விளிம்பில் சாய்க்காதே. முதலில் டாக்டரைப் பார். அப்புறம் அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்கி, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பு. அனுப்புவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. குடும்ப குரூப்பில் போட்டுவிடாதே, அம்மா பார்த்தால் அன்றைக்கே லீட்ஸுக்கு டிக்கெட் போடச் சொல்வாள்.

அன்புடன்,
அப்பா